இரண்டாவது பிரேக்

— காலை எடுங்க.

— எதுக்கு?

— அந்த பிரேக்ல இருந்து காலை எடுங்கன்னு சொன்னேன். வண்டி ஓட்டுறது நான்.

— முன்னாடி சைக்கிள்காரன் போறான்.

— கண்ணு எனக்கும் இருக்கு. நான் பார்த்து மிதிக்கிறதுக்குள்ள நீங்க உங்க பக்கத்து பிரேக்கை மிதிச்சுடுறீங்க. வண்டி தவளை மாதிரி குதிக்குது. பின்னாடி ரெண்டு குழந்தைங்க இருக்கு.

— குழந்தைங்க இருக்குன்னுதான் மிதிக்கிறேன். பாரு, இத்தனை வருஷமா இந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியில இதே சீட்ல உக்காந்து ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கிறவன் நான். எனக்கே பாடமா?

— ஊருக்குக் கத்துக் கொடுங்க. நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல, பொண்டாட்டி. அதுவும், "என்னால இப்போ ஓட்ட முடியாது, நீயே ஓட்டு"ன்னு ஸ்கூல் வாசல்ல சாவியைத் தூக்கிப் போட்டது நீங்கதான்.

— எப்படி ஓட்ட முடியும் பின்ன? அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பேசின பேச்சுக்கு என் இடத்துல வேற ஒருத்தன் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். புள்ளையோட காதை டெஸ்ட் பண்ணுங்க, பேச்சு டாக்டரைப் பாருங்க, விட்டுப்போன ஊசியெல்லாம் போட்டுட்டு வாங்கன்னு அடுக்கிக்கிட்டே போகுது. ஸ்கூலா அது, ஆஸ்பத்திரியா?

— சேர்க்க மாட்டேன்னு அவங்க சொல்லல. ஸ்கூல் திறக்க இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள இதெல்லாம் பார்த்துட்டு வாங்க, சீக்கிரம் பார்த்தா சீக்கிரம் சரியாகும்னு சொன்னாங்க. நீங்கதான் பாதியிலயே மேசையைத் தட்டிட்டு எழுந்துட்டீங்க.

— நீ முழுசா கேட்டுட்டியாக்கும்.

— கேட்டேன். நீங்க வெளிய போய் ஒன்னும் தெரியாத அந்த வாட்ச்மேன்கிட்ட கத்திக்கிட்டு இருந்தப்போ உக்காந்து கேட்டேன்.

— அம்…

— என்னடா சின்னு, தண்ணியா? இந்தா, அப்பா தரேன். மூடி திறந்துட்டேன் பாரு. ரெண்டு கையாலயும் பிடி. சமத்து.

— கண்ணா, சட்டையில ஊத்திக்காத. அம்மா சொல்றேன்ல.

— பாரு, நாம இவ்வளவு கத்துறோம், பாப்பா அசையாம தூங்குறா. இந்த வீட்லயே அவ ஒருத்திதான் நிம்மதியான ஆளு.

— காலையில இருந்து தூங்கிக்கிட்டேதான் இருக்கா. ஸ்கூல்லயும் படுக்க வச்ச கூடையை விட்டுத் தூக்கவே விடல. பாலும் சரியா குடிக்கல. கண்ணுல வேற தண்ணி வடியுது.

— பல்லு முளைக்குது. பல்லு முளைச்சா மூக்கு ஒழுகும், கண்ணு ஒழுகும், பால் இறங்காது. சின்னுவுக்கும் இப்படித்தான இருந்துச்சு? மறந்துட்டியா?

— நான் எதையும் மறக்கல. இன்னிக்குப் பட்ட அவமானத்தைத்தான் சாகுற வரைக்கும் மறக்க முடியாது.

— அவமானம் யாரால? அந்த அம்மாவால.

— நம்மளால. "உன் பேர் என்னடா கண்ணு"ன்னு அவங்க குழந்தையைத்தான் கேட்டாங்க. நீங்களும் நானும் பாட்டுக் கிளாஸ்ல பாடுற மாதிரி ஒரே நேரத்துல பேரைச் சொன்னோம். "இந்தப் பந்து என்ன கலர்?" நீங்க சிவப்புன்னீங்க. "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" நான் ஒப்பிச்சேன். கடைசியில, "அட்மிஷன் உங்க ரெண்டு பேருக்குமா?"ன்னு கேட்டாங்க பாருங்க, பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

— அது நக்கல்.

— நக்கல் இல்ல, நியாயம். அதுக்கப்புறமாவது திருந்தினோமா? கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்கன்னு தெளிவாச் சொன்னாங்க. நீங்க எது வரைக்கும் எண்ணினீங்க?

— எண்ணினேன்.

— மூணு தாண்டியிருக்க மாட்டீங்க. "யானை!"ன்னு கத்தினீங்க. வெளிய காத்திருந்த குழந்தைங்க எட்டிப் பார்த்துச்சு.

— படத்துல யானைதான இருந்துச்சு? புள்ள திருதிருன்னு முழிக்கிறான், நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நீ மட்டும் என்ன ஒழுங்கு? அவன் தும்மினான், அதுக்கு, "ஆமா மேடம்னு சொல்றான்"னு சொன்னவதான நீ?

— …சொன்னேன்.

— சிரிக்காத.

— சிரிக்கல. சிரிச்சா அழுதுடுவேன். நான் நாள் பூரா ஹெட்போனை மாட்டிக்கிட்டு அடுத்தவங்க புகாரைக் கேக்குறவ. "மேடம், வாஷிங் மெஷின்"னு ஆரம்பிச்சா போதும், "தண்ணி வெளிய போகலை, சரிங்களா சார்?"னு நானே முடிச்சு வச்சுடணும். ஒரு போன் காலுக்கு இவ்வளவு நேரம்தான்னு தலைக்கு மேல கடிகாரம் ஓடுது. அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கு வந்துடுச்சு போல.

— அப்போ புள்ள பேசாததுக்கு நாமதான் காரணமா? அதைத்தான சொல்ல வர்ற? பேசு, பேசு. ஊசி போட்ட அன்னிக்கே அவன் வாய் அடைச்சுப் போச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிடாத.

— எதனாலன்னு எனக்குத் தெரியாது. அவங்களும் தெரியாதுன்னுதான் சொன்னாங்க. காதைப் பாருங்க, காது நல்லா இருந்தா அடுத்ததைப் பார்க்கலாம்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஒருத்தரை இன்னிக்குத்தான் பார்த்தேன். நம்ம வீட்ல அப்படி ஒருத்தர் கிடையாது.

— நக்கலைப் பாரு. ஏம்மா, நில்லு நில்லு. இடது பக்கம் எதுக்கு இண்டிகேட்டர் போடுற? வீட்டுக்கு நேரா போகணும்.

— நான் வீட்டுக்குப் போகலை.

— பின்ன?

— கிளினிக் இடது பக்கம்தான இருக்கு? இன்னிக்கு ஊசி போடுற நாள். பாப்பாவுக்கு எப்பவோ போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ஊசி. இன்னிக்குப் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

— திருப்பாத.

— திருப்புவேன்.

— திருப்பாதன்னு சொல்றேன்ல!

— ஐயோ! என்னங்க பண்றீங்க? நடு ரோட்ல, பாதித் திருப்பத்துல யாராவது பிரேக் போடுவாங்களா? வண்டி ஆஃப் ஆகிடுச்சு!

— நான்தான் திருப்பாதன்னேன்ல.

— பின்னாடி லாரி வர்றான். காலை எடுங்க, நான் ஸ்டார்ட் பண்றேன்.

— முதல்ல நியூட்ரல் போடு. நியூட்ரல்! எந்தக் கிளாஸ்ல கத்துக்கிட்ட நீ?

— ஏய், எல் போர்டு! குடும்பச் சண்டையை வீட்ல வச்சுக்கங்கப்பா, நடு ரோட்டுலயா போடுறது? ஓரமா எடு, ஓரமா எடு!

— யோவ், கத்துக்கிறவங்கன்னா கொஞ்சம் பொறுக்க மாட்டியா? போய்க்கிட்டே இரு!

— வெளியில எல்லாம் எனக்காக நல்லாத்தான் சண்டை போடுறீங்க. உள்ளதான் மிதிக்கிறீங்க.

— கிளட்ச் விடு. மெதுவா. மெதுவான்னேன். ம்… நேரா போ.

— திருப்பம் போச்சு. பரவாயில்ல. அடுத்த வலது எடுத்து ரயில்வே கேட் வழியா சுத்திக்கிட்டுப் போவேன். கிளினிக் எங்கயும் ஓடிடாது.

— பிடிவாதம்.

— ஆமா. உங்ககிட்ட கத்துக்கிட்டது.

— ம்ம்… அம்…

— பசிக்குதா செல்லம்? அம்மா பைல பிஸ்கட் இருக்கு. ஏங்க, பின்னாடி கையை நீட்டிக் கொடுங்க, நான் ஸ்டியரிங்கை விட முடியாது.

— இந்தாடா. க்ரீம் வச்சது. எதுக்குத் தலையை ஆட்டுற, இது வேணாமா? சரி, போனை வச்சுக்கோ. லாரி பொம்மை வீடியோ போட்டுத் தரேன். இதான வேணும்? கேக்குறதுக்குள்ள அப்பா கொடுத்துட்டேன் பாரு.

— போனை வாங்குங்க அவன்கிட்ட இருந்து.

— அஞ்சு நிமிஷம். நாம பேசி முடிக்கிற வரைக்கும்.

— நாம பேசி முடிக்கிற வரைக்கும், நாம பேசி முடிக்கிற வரைக்கும்… நாம எப்பதான் பேசி முடிச்சிருக்கோம்?

— பாரு, நிதானமா ஒன்னு கேக்குறேன். பதில் சொல்லு. ஊசிக்கு முன்னாடி அவன் பேசினானா இல்லையா?

— பேசினான்.

— "லைட்டு"ன்னான். "பூ"ன்னான். மின்விசிறியைக் காட்டி "சுத்து சுத்து"ன்னான். வாசல்ல யார் செருப்பு சத்தம் கேட்டாலும் "யாது"ன்னு அதட்டுவான். பேசினானா?

— பேசினான்னு சொல்லிட்டேனே.

— அன்னிக்கு நீ இல்ல. உனக்கு லீவு கிடைக்கல. நான்தான் கூட்டிட்டுப் போனேன். "சார், மடியில வச்சு அசையாம பிடிச்சுக்கங்க"ன்னு நர்ஸ் சொன்னாங்க. பிடிச்சேன். ரெண்டு கையையும் சேர்த்து அழுத்திப் பிடிச்சேன். ஊசி இறங்கினப்போ அவன் அழலம்மா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "அப்பா"ன்னான். ஏதோ கேக்குற மாதிரி. அவ்வளவுதான்.

— இதை நீங்க சொல்லியிருக்கீங்க.

— திரும்பச் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி காய்ச்சல். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா போச்சு. லைட்டு போச்சு. பூ போச்சு. அந்த "அப்பா"தான் அவன் என்னைக் கடைசியா கூப்பிட்டது. ஸ்டூடண்ட்ஸ் சார் சார்ங்கிறாங்க. தெருவுல எல்லாரும் மாஸ்டர்ங்கிறாங்க. மாடி வீட்டுப் பொண்ணு வாய் நிறைய அண்ணாங்குது. என்னை அப்பான்னு கூப்பிட வேண்டியவன் ஒருத்தன்தான், அவன் கூப்பிடல. இப்போ பாப்பாவையும் மடியில வச்சுப் பிடின்னு நீ சொல்ற. மாட்டேன். என்னால முடியாது. வெட்டிப் போட்டாலும் முடியாது.

— நீங்க பிடிக்க வேணாம். நான் பிடிச்சுக்கிறேன்.

— அது பேச்சில்ல.

— அதான் பேச்சு. உங்களுக்கு வலிச்சுது, எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் வலிக்கலையா? ஆனா அந்த மாசம் ஊசி மட்டுமா நடந்துச்சு? அந்த மாசம்தான் நான் வேலைக்குத் திரும்பினேன். நீங்க சாயங்கால கிளாசும் எடுக்க ஆரம்பிச்சீங்க. பார்த்துக்க வந்த எங்க அம்மா டிவியை ஓட விட்டுட்டுத் தூங்குவாங்க. நாம வீட்டுக்கு வந்தா, அலுப்புல இவன் கையில போனைக் கொடுத்துட்டு சண்டை போடுவோம். அதெல்லாம் உங்க கணக்குல வராதா? ஊசி மட்டும்தான் வருமா?

— ஊசிதான் உடம்புக்குள்ள போச்சு. சண்டை உடம்புக்குள்ள போகாது.

— போகும். எனக்குப் போயிருக்கு. இன்னொன்னு சொல்றேன். கோபப்படாம கேளுங்க. ராத்திரி பாப்பாவைத் தொட்டில்ல போட்டுட்டு நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன்ல? அப்போ இவன் தொட்டில் பக்கத்துல உக்காந்து ஏதோ முணுமுணுன்னு சொல்றான். கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கேன். நான் உள்ள போனா நிறுத்திடுவான்.

— என்ன சொல்றான்?

— தெரியல. சரியா கேக்கல.

— முணுமுணுப்பு எல்லாம் பேச்சா? உனக்கு ஆசை. ஆசையில எல்லாம் கேக்கும்.

— இருக்கலாம்.

— என்ன கூட்டம் முன்னாடி? ச்சே. கேட் போட்டுட்டான்.

— வரட்டும் ரயில். நியூட்ரல் போட்டுட்டேன். இப்போ உங்க பிரேக்கை எவ்வளவு வேணும்னாலும் மிதிச்சுக்கங்க.

— ரொம்ப வாய் நீளுது உனக்கு.

— நீளும். நேத்து சாயங்காலத்துல இருந்து அடக்கி வச்சிருக்கேன். ஸ்கூல்ல நல்லபடியா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு. இப்போ கேட் போட்டிருக்கு. நீங்க எழுந்து போக முடியாது, மேசையும் கிடையாது தட்டுறதுக்கு. கேளுங்க.

— என்னத்தைக் கேக்க?

— மாடி வீட்டுக் குழந்தையைப் பத்தி.

— அதான் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களே. பாவம். நெஞ்சுச் சளின்னு சொன்னாங்க.

— தட்டம்மை. அதுல இருந்து நெஞ்சுக்குப் போயிடுச்சு. நேத்து ஆபீஸ் முடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். மூக்குல குழாய் மாட்டியிருக்கு. நம்ம ஹால் பூரா ஓடின புள்ள அது. போன வாரத்துக்கு முந்தின வாரம்கூட நம்ம பாப்பாவைப் பிடிச்சு இழுத்து முத்தம் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு.

— சரியாகிடும். குழந்தைங்க தாங்கிடும்.

— குழந்தையோட அம்மா கண்ணாடிக்கு வெளியில நின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஏன்டி, தட்டம்மைக்கு ஊசி போடலையா?"ன்னு கேட்டேன். இல்லக்கான்னா. ஏன்டின்னு கேட்டேன்.

— ஏனாம்?

— "அண்ணன்தான்க்கா வண்டி கத்துக் கொடுக்கிறப்போ சொன்னாரு. ஊசி போட்டுத்தான் சின்னு பேச்சு போச்சுன்னு சொன்னாரு. அண்ணன் சொன்னா சரியாத்தான இருக்கும்?" இப்படித்தான் சொன்னா. உங்க மேல கோபமாக்கூடச் சொல்லலைங்க. என்னை ஆறுதல் படுத்துற மாதிரி சொன்னா.

— …

— என்ன, பதிலைக் காணோம்? எங்க ஆபீஸ்ல இப்படி சத்தமே வரலைன்னா, "சார், லைன்ல இருக்கீங்களா?"ன்னு கேப்போம். லைன்ல இருக்கீங்களா?

— நான்… நான் என்ன டாக்டரா? அவ ஏன் நான் சொன்னதைக் கேட்டா? படிச்ச பொண்ணுதான?

— நீங்க மாஸ்டர். கிளட்ச் மிதின்னா மிதிக்கிறாங்க, வளைன்னா வளைக்கிறாங்க. இந்த வண்டியில ஏறினா உயிர் உங்க கால்ல இருக்கு. அப்போ நீங்க சொல்றதெல்லாம் வேத வாக்குதான்.

— பேச்சுவாக்குல ஏதாவது சொல்லியிருப்பேன். சிக்னல்ல நிக்கிறப்போ சும்மா உக்காந்திருக்க முடியுமா? ஸ்டூடண்ட் பயத்துல வேர்த்துக்கிட்டு இருப்பாங்க. வீட்டுக் கதையைப் பேசினா பயம் போகும். என் புள்ள கதையைச் சொன்னேன். என் புள்ள கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

— எத்தனை பேருக்குச் சொன்னீங்க?

— எண்ணிக்கிட்டா இருப்பாங்க?

— கிளினிக் நர்ஸ் சொன்னாங்க. முன்னாடியெல்லாம் ஊசி நாள்னா வாசல் வரைக்கும் வரிசை நிக்குமாம். இப்போ பாதி நாற்காலி காலியாக் கிடக்காம். வராதவங்க யாருன்னு பார்த்தா, நம்ம தெருவும் பின் தெருவும்தான் அதிகமாம். ஏன்னு அவங்களுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுடுச்சு. ரெண்டு தெருவுலயும் வண்டி ஓட்டுற பொம்பளைங்க யார்கிட்ட கத்துக்கிட்டாங்க? சொல்லுங்க, யார்கிட்ட?

— என்னைக் கொலைகாரன் மாதிரி பேசாத.

— அப்படிச் சொல்லல.

— அப்படித்தான் சொல்ற! புள்ள பேசலையேன்னு ராத்திரி பூரா தூங்காம செத்துக்கிட்டு இருக்கிறவன் நான். அந்தப் பயத்துல நாலு பேர்கிட்ட சொன்னேன். அவங்க புள்ளைங்களுக்கும் இப்படி ஆகிடக் கூடாதேன்னு சொன்னேன். நல்லெண்ணத்துல சொன்னேன்!

— தெரியும்! அதான் எனக்குத் தாங்கல! நீங்க கெட்டவரா இருந்திருந்தா எப்பவோ என் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். நல்லவரு. தெருவுல யாருக்குக் காய்ச்சல்னாலும் முதல் ஆளா வண்டியை எடுத்துக்கிட்டு ஓடுற ஆளு. மோதிடக் கூடாதேன்னு எல்லாருக்காகவும் நீங்களே மிதிக்கிறீங்க. அவங்களை மிதிக்க விட மாட்டீங்க. என்னை விட மாட்டீங்க. இவனை ஒரு வார்த்தை பேச விட மாட்டீங்க.

— நீ விட்டியா?

— நானும் விடல. நானும்தான் விடல. போதுமா?

— அம்மா…

— இருடா கண்ணா, கேட் திறந்துடும். ஏசி அதிகமா இருக்கா? ஏங்க, அதைக் குறைங்க, குழந்தை போர்வையைப் பிடிச்சு இழுக்கிறான்.

— அது பாப்பா போர்வை. சின்னு, பாப்பா மேல கை வைக்காத. தூங்குறா பாரு, முழிச்சுக்குவா. கையை எடு. எடுறா!

— அவனை எதுக்குக் கத்துறீங்க? என் மேல இருக்கிற கோபத்தை என் மேலயே காட்டுங்க.

— நான் யார் மேலயும் கோபமா இல்ல.

— காது வரைக்கும் சிவந்திருக்கு, கோபமா இல்லையாம்.

— அந்தக் குழந்தை… மாடி வீட்டுக் குழந்தை… டாக்டர் என்ன சொல்றாங்க?

— இன்னும் ரெண்டு நாள் போகட்டும்னு சொல்றாங்க.

— என்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

— போயிருப்பேன். அங்க போய் நின்னிருப்பேன். அவ என்ன கேக்குறாளோ கேக்கட்டும்னு நின்னிருப்பேன்.

— அவ ஒன்னும் கேக்க மாட்டா. "சாப்பிட்டீங்களாண்ணா"ன்னுதான் கேப்பா. அதைத் தாங்குவீங்களா?

— தாங்கித்தான ஆகணும்.

— ரயில் இன்னும் வரல. இந்த கேட்ல எப்பவும் இப்படித்தான்.

— எடுத்துட்டேன்.

— என்ன?

— காலை. பிரேக்ல இருந்து எடுத்துட்டேன். குனிஞ்சு வேணா பாரு. சீட்டுக்கு மேல மடிச்சு வச்சுக்கிட்டேன். கேட் திறந்ததும் நீ எந்தப் பக்கம் திருப்பணுமோ திருப்பு.

— நிஜமாவா?

— ஆனா ஒன்னு. மடியில பிடிக்கிறது நீ. நான் வாசல்ல நிக்கிறேன்.

— வாசல்ல நில்லுங்க. ஆனா அங்க வேற யாருக்கும் கதை சொல்லாதீங்க.

— குத்து. நல்லாக் குத்து. ஊசியை விட நீதான் ஆழமா குத்துற.

— குத்தாம? திருப்புன்னு இப்போ சொல்றதுக்குப் பதிலா போன மாசம் சொல்லியிருந்தா…

— அதான் சொல்லிட்டேன்ல! இன்னும் என்ன பண்ணணும்? கால்ல விழணுமா?

— கத்தாதீங்க.

— நீ கத்தாத.

— சரி, பேசவே வேணாம். கிளினிக் போய்ச் சேர்ற வரைக்கும் உங்ககூட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளுங்க.

— நல்லதாப் போச்சு. நானும் பேசல.

— …

— …

— அப்…

— என்னடா சின்னு, ரயில் பார்க்க…

— ஷ்ஷ்! வாயை மூடுங்க. எண்ணுங்க.

— என்னது?

— பத்து. மனசுக்குள்ள. நானும் எண்ணுறேன்.

— …

— …

— அப்…

— …

— …

— அப்பா.

— …

— எண்ணுங்க. அழுதுக்கிட்டே எண்ணுங்க, வாயைத் திறக்காதீங்க.

— …

— …

— அப்பா, பாப்பா சுடுது. அப்போலேருந்து சுடுது.